ஜன்னலில் சுற்றிய நிழல்

“அக்கா, உங்களுக்குக் கண்ணு தெரியுதா?”

கல்யாண ரவிக்கையைத் திருப்பிக் கொண்டுவந்த மணப்பெண் இப்படிக் கேட்டதும் தையல்காரிக்கு முகம் செத்துப்போனது. கழுத்துத் தையல் கோணல்மாணலாக ஓடியிருந்தது.

“பிரிச்சுத் தச்சுத் தரேம்மா” என்றாள். வேறென்ன சொல்வது? வெயில் சாய்ந்ததும் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் காற்றாலையின் இறக்கைகள் ஜன்னல் வெளிச்சத்தை வெட்டி வெட்டிப் போடுகின்றன, ஊசிமுனை தெரிந்து தெரிந்து மறைகிறது என்றா? ஜன்னலைச் சாத்திப் பல்பு போட்டால் புழுக்கம். அப்போதும் அந்த ‘உஷ்... உஷ்...’ சுவரைத் தாண்டி வந்து நெற்றிப்பொட்டில் இடிக்கும். படுத்தாலும் விடாது.

அவள் புருஷன் அந்தக் காற்றாலையில்தான் மெக்கானிக். தெருவில் அவனுக்குக் ‘காத்தாடிக்காரர்’ என்று பெயர்.

“அண்ணி, அண்ணன்கிட்டச் சொல்லிக் கொஞ்சம் மெதுவா விசிறச் சொல்லுங்க, தலை கலையுது!” என்று கேலி பேசிய பக்கத்து வீட்டுக்காரியும் தூக்கமில்லாமல் வீட்டைக் காலி செய்துவிட்டாள்.

காற்றாலையை நடும் முன் இடம் பார்க்க வந்த இன்ஜினியர், “வீடு ரொம்பக் கிட்ட இருக்கே?” என்று தயங்கியபோது, “நம்ம வீடுதான் சார். வேலைக்கு வர எனக்கு வசதி” என்று சிரித்தவன் அவன். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் முறையிட்டபோதெல்லாம், “காத்தாடி என்ன புகையா விடுது? எல்லாம் உன் மனப்பிரமை” என்றான். பாசம் இல்லாதவனில்லை. கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கிவருவான். ஆனால் வெயில் சாயும் நேரத்தில் அவன் வீட்டில் இருந்ததே இல்லை.

ஏணியில் சறுக்கிக் கணுக்கால் பிசகியதால் அன்று இருந்தான். அவள் உள்ளே துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். தன் அண்ணன் வீட்டோடு போய்விடுவதாகக் காலையிலேயே சொல்லியிருந்தாள். கோபம் தணிந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தவன், அறுந்த சட்டைப் பொத்தானைத் தானே தைக்க ஜன்னலோரம் உட்கார்ந்தான்.

ஊசி விரலில் ஏறியது. மறுபடியும் ஏறியது.

“யாருடி அது, லைட்டப் போட்டுப் போட்டு அணைக்கிறது?” என்று கத்தினான்.

அவள் வாசற்படியில் வந்து நின்றாள். “லைட்டே போடலீங்க.”

நிமிர்ந்து பார்த்தான். பல்பு எரியவில்லை. சுவரிலும் அவள் முகத்திலும் நிழல் சுற்றிச் சுற்றி வந்தது.

“தெனமும் இப்படியா?”

“தெனமும்தான் சொன்னேன்.”

வாசலில் அண்ணனின் வண்டி ஹாரன் அடித்தது.

“ஊருக்குக் கரண்ட் வேணும்தான்” என்றான் அவன். “ஆனா மிஷின நடுறதுக்கு முன்னாடி, அதுக்கடியில குடியிருக்கிறவங்களக் கேக்கணும். வலிக்குதுன்னு சொன்னா நம்பணும். நான் கேக்கவுமில்ல, நம்பவுமில்ல. போகாத, நான் பேசி வேற எடம்...”

அவள் ஜன்னல் திண்டிலிருந்த சொட்டு மருந்துக் குப்பியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். தையல் மெஷினின் தலையைத் துணியில் சுற்றி, குழந்தையைப் போல் இடுப்பில் அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.