மாமியார் நம்பர்

வெப்சைட் கட்டுகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் அஸ்திவாரம் தோண்ட வேண்டாமே என்று, கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு தொடக்க டெம்ப்ளேட் தயாரித்தார்கள். லாகின், மெனு, தொடர்புப் பக்கம் எல்லாம் தயாராக இருக்கும். எடுத்துப் பெயரை மாற்றிக்கொண்டால் போதும். ரியாக்ட், வ்யூ, ஆங்குலர் என்று வெப்சைட் எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் மூன்று வகையிலும் அதே முகம். எது முதலில் வெளிவருவது என்பதில் சாப்பாட்டு மேஜையின் இரு முனைகளுக்கும் இடையே பேச்சுவார்த்தை முறிந்தது. கடைசியில் மூன்றையும் ஒன்றாக விடுவது என்று சமாதானம் ஆனார்கள்.

அதற்குள் தொடர்புப் பக்கத்துக்கு ஒரு மாதிரி போன் நம்பர் தேவைப்பட்டது. அவன் வரிசையாகப் பூஜ்யம் போட்டான். ‘செல்லாத எண்’ என்று சிவப்பில் முறைத்தது. நம்பர் சரிதானா என்று பார்க்கும் அந்தச் சோதனையை எழுதியவள் மனைவி. அவளிடம் போய்க் கேட்பதற்கு ரோஷம் விடவில்லை. மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பரைப் போட்டான். மாமியாருடையது.

டெம்ப்ளேட் பிய்த்துக்கொண்டு போனது. எடுத்தவர்கள் பெயரை மாற்றினார்கள், படத்தை மாற்றினார்கள். பக்கத்தின் அடியில் கிடந்த நம்பரைப் பலர் கண்டுகொள்ளவே இல்லை.

சில நாளில், அடுத்த அறையில் மாமியாரின் குரல் ஓயாமல் கேட்டது. அவன் எட்டிப் பார்த்தான்.

“யாரு அத்தை போன்ல?”

“யாரோ பல்வலிக்காரர், மாப்ள. பாவம், அழுதுட்டார். நாளைக்குக் காலையில வரச் சொல்லிட்டேன்.”

“எங்க வரச் சொன்னீங்க?”

“டாக்டர் இருக்கிற இடத்துக்குத்தான். முன்னாடி ஒருத்தர் சைக்கிள் செயின் கழண்டுடுச்சுன்னார். மாட்டுற விதம் சொன்னேன், மாட்டிட்டார்.”

அவன் மனைவியைக் கூப்பிட்டு, தொடர்புப் பக்கத்தைப் பார்க்கச் சொன்னான். மனைவி ஓடிப்போய் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள்.

“எங்கம்மா நம்பரையா போட்டே? உங்கம்மாவுது என்ன ஆச்சு?”

“அது ஞாபகத்துக்கு வரல.”

சண்டைக்கு வாயெடுத்தவள் சிரித்துத் தொலைத்தாள். எந்த வகையை முதலில் திருத்துவது என்ற வழக்கே இல்லாமல் மூன்றையும் திருத்தினார்கள். டெம்ப்ளேட் எடுத்தவர்களில் கையில் கிடைத்த முகவரிக்கெல்லாம், நம்பரை மாற்றச் சொல்லி மன்னிப்புக் கேட்டு எழுதினார்கள். அழைப்புகள் மெல்ல நின்றன.

மாமியார் முகம் வாடிவிட்டது.

“மாப்ள, இந்த போன் ரிப்பேரான்னு கொஞ்சம் பாருங்க.”

அவன் வாங்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. பல் டாக்டர். வழக்குப் போடப் போகிறார் என்று நினைத்துக்கொண்டே அவன் காதில் வைத்தான்.

“எங்க வெப்சைட்டுல முன்னாடி இருந்த நம்பர்தானே இது? அந்த அம்மா இருக்காங்களா? அவங்க வரச் சொன்ன ஆளுங்க ஒருத்தர் விடாம வந்தாங்க. இப்ப நான் போன் எடுக்கிறேன், பாதிப் பேர் பயந்து வெச்சிடறாங்க. அவங்க எங்ககிட்ட வேலைக்கு வருவாங்களா?”

அவன் விஷயத்தைச் சொன்னான். மாமியார் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

“யோசிச்சுச் சொல்றாங்களாம்னு சொல்லுங்க மாப்ள. கேட்ட உடனே தலையாட்டினா மதிப்பிருக்காது.”