உட்கார ஒரு கட்டை

எங்க சைட்ல ஸ்டோர் ரூம் சாவி என்கிட்டதான். மண்வெட்டியோ கயிறோ, எனக்குக் கையெழுத்துப் போடாம எதுவும் வெளிய போகாது. என் வீட்டுக்காரர் இங்கதான் தண்ணி லாரி ஓட்டுறார். அவருக்கும் அதே சட்டம்தான்.

போன மாசம் இந்த மனுஷன் என்ன பண்ணாரு தெரியுமா? லாரியைச் சரிவுல நிறுத்திட்டு, சக்கரத்துக்கு அண்டக் குடுத்திருந்த கட்டையை உருவி, அது மேல ஜம்முனு உட்கார்ந்து சாப்பிட்டாரு. இங்க டிரைவருங்க எல்லாருக்கும் இதே பழக்கம். உட்கார அவ்வளவு தோதா இருக்குமாம்! லாரி நைசா உருண்டு வந்து கால் விரல் ரெண்டை நசுக்கிடுச்சு. நான் அழுதேன், திட்டினேன், மறுபடி அழுதேன்.

இன்னைக்குத்தான் வேலைக்குத் திரும்பினாரு. "இன்னொரு தடவை கட்டை இல்லாம வண்டியைப் பார்த்தேன், நேரா வீட்டுக்குத்தான்"னு இன்ஜினியர் கறாரா சொல்லிட்டாரு. லாரியை விட்டா இவருக்கு வேற எதுவும் தெரியாது. சமையலும் சேர்த்துத்தான் சொல்றேன்.

மத்தியானம் எட்டிப் பாக்குறேன், மறுபடி கட்டை மேல உட்கார்ந்து சாப்பிடுறாரு! எனக்கு வந்துச்சே கோபம். ஓடிப்போய் லாரிக்கு முன்னாடி நின்னு கத்தினேன்.

"யோவ்! மீதி எட்டு விரலையும் குடுக்கவா வந்தே?"

தூரத்துல இன்ஜினியரே திரும்பிட்டாரு. இவர் வாய் நிறையச் சாப்பாட்டோட சிரிக்கிறார். "அடியே, குனிஞ்சு பாரு. நான் உட்கார்ந்திருக்கிற இந்தக் கட்டை வீட்டுல செஞ்சு கொண்டு வந்தது. உன் கட்டை சக்கரத்துக்கு அடியிலதான் இருக்கு."

பார்த்தேன். இருந்துச்சு. அசடு வழிய நிமிர்ந்தேன்.

அப்போ 'கிர்ர்'னு ஒரு சத்தம். கை பிரேக் வழுக்கி, தண்ணி நிறைஞ்ச லாரி என் பக்கமா அசைஞ்சு, கட்டையில முட்டி, குலுங்கி நின்னுச்சு.

தட்டைப் போட்டுட்டு ஓடி வந்து என்னை இழுத்தாரு. நொண்டிக் காலோட அவ்வளவு வேகம்! எனக்கு உயிரே போய் வந்துச்சு. அவர் கட்டை மேலயே பொத்துனு உட்கார்ந்தேன்.

இன்ஜினியர் ஓடி வந்து லாரிக்கு அடியில இருந்த கட்டையைப் பார்த்தாரு, அப்புறம் இவரைப் பார்த்தாரு. "பிரேக்கை மாத்தச் சொல்றேன். நாளைக்கு நீங்களே வந்து ஓட்டுங்க"ன்னாரு.

"உட்காரத் தோதாத்தான்யா இருக்கு"ன்னேன், மூச்சு வாங்க.

"இருக்கும்ல? முதல்ல எனக்குக் கையெழுத்துப் போடு. அப்புறம் உட்காரு."