எதிர்ச்சாய்வு

நியூசிலாந்தின் கிரேமவுத் நகரில், கொட்டும் மழையில், கிரேனில் தொங்கிய கான்கிரீட் பலகை பாலத்தின் மேல் பொருந்த மறுத்தது. உத்திரத்தின் இரும்புக் குமிழ்களில் ஒன்றுகூடப் பலகையின் துளைக்குள் நுழையவில்லை.

பாலத்தை வடிவமைத்த இமோஜன், பலகைகளை வார்த்த மேஸ்திரி செமிசியிடம் எல்லோர் முன்னாலும் சீறினாள். “வரைபடத்தைப் பாத்து வார்த்தீங்களா, இல்ல ரக்பி பாத்துக்கிட்டா?”

செமிசி தலைகுனிந்தார். “எங்க பசங்கதான் கோட்டை விட்டிருப்பாங்க.” திங்கட்கிழமை பாலம் திறக்காவிட்டால் அவர் வேலை போய்விடும்.

கிரேன் ஓட்டும் டேரில் ரேடியோவில் சிரித்தான். “ஆத்தை எதிர்ப்பக்கமா சாய்ச்சு ஓட விடுங்கப்பா. பலகை அம்சமா உக்காந்துரும்.”

இமோஜன் பலகையை நிமிர்ந்து பார்த்தாள். பாலம் ஆற்றைச் சாய்வாகக் கடந்தது. பலகையோ கண்ணாடியில் தெரிவதுபோல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. வரைபடத்தை விரித்தாள். பலகையைக் கீழிருந்து பார்ப்பதுபோல் வரைந்ததும், அதைக் குறிப்பிட மறந்ததும் அவள்தான். செமிசி அதை அச்சுப்பிசகாமல் வார்த்திருந்தார்.

யாரும் பார்க்கவில்லை. வரைபடத்தைச் சுருட்டிவிடலாம். செமிசி பழியை ஏற்க முதலாளிக்கு போன் போட்டுக்கொண்டிருந்தார்.

ரேடியோவை எடுத்தாள். “எல்லாருக்கும் கேக்குதா? வரைபடம்தான் தப்பு. வரைஞ்சது நான்.”

செமிசி போனை அணைத்தார். “புதுசா வார்த்துத் தர்றேன், இமோஜன். இந்தத் தடவை ரக்பி பாக்காம.”

அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.