இரண்டு தாள்களுக்கு நடுவில் ஒரு குளம்

எங்கள் ஆபீஸில் வரைபடம் வரைகிறவர்கள் பதினான்கு பேர். அதில் ஒரு ஜோடி புருஷன் பெண்டாட்டி. அது நாங்கள்தான். பன்னிரண்டாம் தாள் என்னுடையது. அதற்குக் கீழே ஒட்டி வரும் பதின்மூன்றாம் தாள் அவருடையது. அவர் போடும் கோடு அவ்வளவு மெல்லிசு என்பதால் அவருக்கு ஊசி என்று பட்டப்பெயர். எனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று அவர் இதுவரை சொன்னதில்லை. நல்ல பெயராக இருந்தால் சொல்லியிருப்பார்.

இரண்டு தாள் சந்திக்கும் இடத்தில் ஓரம் பார்க்க வேண்டும். அதாவது, வரைந்த இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, தாள்களை ஓரத்தோடு ஓரம் சேர்த்து வைத்து, இந்தப் பக்கத்துச் சாலை அந்தப் பக்கம் தொடர்கிறதா, வாய்க்கால் பாதியில் நிற்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். பதினொரு வருஷத்துக்கு முன்னால், எங்கள் ஓரத்தை நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை. அப்போது எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

காரணம் என் நாத்தனார். நான்கு நாள் வந்து தங்கியவள், நான் வீட்டில் வைத்து முடித்துக்கொண்டிருந்த தாளை எட்டிப் பார்த்து, "என்ன அண்ணி, கோடு கயிறு மாதிரி இருக்கு" என்றாள். அவள் சொன்னதுகூடப் பரவாயில்லை. இவர் சிரித்தார். அன்றைக்குப் பிடித்த வீம்பு இருபத்திரண்டு நாள் விடவில்லை. சாப்பாடு தயார் என்பதை நான் சுவரைப் பார்த்துச் சொன்னேன். பால் தீர்ந்துவிட்டது என்பதை அவர் ஜன்னலிடம் சொன்னார். ஓரம் பார்க்கும் நாளில் தாள்கள் மட்டும் மேஜைக்கு மேஜை போய்வந்தன. நான் கையெழுத்துப் போட்டேன். அவரும் போட்டார்.

அந்த ஓரத்தில் ஒரு குளம் இருந்தது. நீளம் நானூறு மீட்டர், அகலம் முப்பதுதான். தாளின் எல்லை சரியாக அதன் நடுவில் போனது. என் தாளில் விழுந்த பாதி ஒன்றரை மில்லிமீட்டர் அகலம், அவர் தாளில் மீதி ஒன்றரை. இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைந்ததை வரைய வேண்டாம் என்பது விதி. எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் இது மூன்று மில்லிமீட்டர் குளம் என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். நான் விட்டேன், அவரும் விட்டார். அதோடு அரசாங்கத்தைப் பொறுத்தவரை அங்கே குளம் இல்லாமல் போனது.

இது எனக்கே போன வாரம்தான் தெரியும். நகரசபை குப்பைக் கிடங்குக்கு இடம் தேடியிருக்கிறது. வரைபடத்தைப் பார்த்து, ஐந்நூறு மீட்டருக்குள் நீர்நிலை இல்லாத காலி நிலம் என்று அந்த இடத்தையே பிடித்துவிட்டது. அங்கே குளம் இருக்கிறது, அறுபது வீடு அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது என்று அங்குள்ளவர்கள் மனு கொடுத்தார்கள். வரைபடத்தில் இல்லையே என்று பதில் போனது. பொதுமக்கள் விசாரணைக்கு இரண்டு தாள்களோடும் போய் விளக்கம் சொல்ல ஆபீஸில் என்னைத்தான் நியமித்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று விமானத்திலிருந்து அந்த நிலத்தை எடுத்த பழைய படத்தைத் தேடிப் பார்த்தேன். குளம் பளிச்சென்று கிடந்தது. படத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் அவரிடம் படத்தைக் காட்டினேன். இந்த மாதம்தான் அவருக்குப் பிரிவுத் தலைவர் பதவி வர வேண்டியது. ஒன்பது வருஷமாகக் காத்திருந்தார். இரண்டு முறை வேறு ஆளுக்குப் போயிற்று, இந்த முறை பட்டியலில் முதல் பெயர் அவருடையது. ஓரம் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட ஆள் என்று தெரிந்தால் பெயரை அடித்துவிடுவார்கள். எனக்கு அப்படி இழக்க எந்தப் பதவியும் வரிசையில் இல்லை.

"என்ன சொல்லப் போற?" என்று கேட்டார்.

"நடந்ததத்தான் சொல்லணும். ரெண்டு பேரும் உக்காந்து பாக்கலன்னு."

அவர் படத்தை மேஜையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போய்விட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூப்பிட்டு வைத்துக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பழைய வீம்பு எங்கேயும் போய்விடவில்லை.

விசாரணை நாளன்று எனக்கு முன்பே ஆபீஸுக்குப் போய், தாள்களைச் சுருட்டிக் குழாயில் போட்டு, பஸ் நிறுத்தத்துக்கே கொண்டுவந்து கொடுத்தார். நசுங்காமல் பார்த்துக்கொள் என்றார். அவ்வளவுதான் பேச்சு. பஸ்ஸில் அவர் முகமே கண்முன் நின்றது. புதுப் பதவிக்கென்று ஒரு ஜோடி ஷூ வாங்கி, போடாமல் பெட்டியோடு வைத்திருக்கிறார், பாவம். அதில் என் வாயாலேயே மண்ணை அள்ளிப் போடுவதா என்று மனசு இளகிவிட்டது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வந்துவிடுவது என்று முடிவு கட்டினேன்.

ஒரு பள்ளிக்கூட ஹாலில் விசாரணை. நடத்திய அதிகாரி தன்மையான மனிதர். குளத்துப் பக்கத்திலிருந்து வந்தவர்களில் தையல்கார அம்மா ஒருவர் எழுந்து, ஒரு பாட்டில் தண்ணீரை அவர் மேஜையில் வைத்தார்.

"குளத்தத் தூக்கிட்டு வர முடியல சார். இவ்வளவுதான் முடிஞ்சுது."

ஹாலே சிரித்தது, அதிகாரியும் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, அந்த இடத்தில் நீர்நிலை உண்டா என்று கேட்டார்.

"வரைபடத்துல இல்ல சார்" என்றேன்.

பொய் இல்லைதான். ஆனாலும் தலை நிமிரவில்லை. தையல்கார அம்மா என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் போய் உட்கார்ந்துகொண்டார்.

தாள்களை விரித்துக் காட்டச் சொன்னார் அதிகாரி. என் தாளை விரித்தேன். ஓரத்தில் ஒன்றுமில்லை. அதன் கீழே என் வீட்டுக்காரர் தாளை ஒட்டி விரித்தேன். ஓரம் நெடுக, நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு, சிவப்பு மையில் ஒரு கரை வரைந்திருந்தது. திருத்தம் செய்தால் சிவப்பு மையில்தான் செய்வோம். பக்கத்தில் அன்றைய தேதி, அவர் கையெழுத்து. அதற்குக் கீழே ஒரு வரி: "இந்த ஓரத்தைப் பார்க்காமலே கையெழுத்திட்டேன், தவறு என்னுடையது." என் தாளின் எல்லை வந்ததும் கரை நின்றுபோயிருந்தது. என் தாளில் அவர் கையே வைக்கவில்லை.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. எந்தப் பதவிக்காக நான் வாயை மூடிக்கொண்டேனோ அதை அவர் காலையிலேயே விட்டுவிட்டு, குழாயை என் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார். வெட்கத்தில் கண் கலங்கியது. அந்த மனிதர் மேல் அவ்வளவு பிரியமாகவும் இருந்தது.

அதிகாரி குனிந்து பார்த்தார். "என்னம்மா இது, பாதிக் குளந்தான் இருக்கு?"

"அது எங்க வீட்டுக்காரரோட பாதி சார். என் பாதிய நான் இன்னும் வரையல. இப்ப சொன்னத அடிச்சிருங்க. செவப்புப் பேனா இருந்தா குடுங்க."

தன் சட்டைப் பையிலிருந்தே எடுத்துக் கொடுத்தார். கைப்பையில் இருந்த விமானப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க, மீதிக் கரையை வரைந்தேன். தேதி போட்டேன். கையெழுத்துப் போட்டேன். பிறகு, அவர் எழுதியிருந்த வரியை ஒரு எழுத்து மாற்றாமல் என் தாளிலும் எழுதினேன்.