லொறி நின்றால் நிக்காஹ்

என் கல்யாணம் ஒரு லொறியின் பிரேக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள், இப்போது நானும் சிரிக்கிறேன். அந்த நாட்களில் எனக்கு வந்ததெல்லாம் கோபம் மட்டும்தான், அதுவும் வேளைக்கு வேளை, தேத்தண்ணியோடு.

மாப்பிள்ளையின் பெயர் ஷிஹாப். எங்கள் குடும்பம் புத்தளத்தில் அகதியாக இருந்த காலத்தில் அவர்கள் பக்கத்து வீடு. நான் பிறந்ததே அங்கேதான். பிறகு வாப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்துச் சோனகத்தெருவுக்குத் திரும்பிவிட்டார். அவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். லொறி ஓட்டப் பழகியதே என்னைப் பார்க்க யாழ்ப்பாணம் வருவதற்காகத்தான் என்று ஷிஹாப் சொல்வார். நான் நம்பினேன். அவர் சிரித்துக்கொண்டு சொன்னால் நான் எதையும் நம்புவேன். அது எனக்கிருக்கிற ஒரு வருத்தம், மருந்து கிடையாது.

அவர் ஓட்டியது முத்துக்குமாரு முதலாளியின் தேங்காய் லொறி. புத்தளத்தில் ஏற்றி யாழ்ப்பாணத்தில் இறக்க வேண்டும். முதலாளியிடம் இருந்த லொறிகள் எல்லாமே பார்க்கப் புதுப்பெண் மாதிரி இருக்கும். பெயின்ற் புதிது, முன்னால் தொங்கும் எலுமிச்சம்பழமும் மிளகாயும் புதிது, ஹோர்ன் புதிது. பிரேக் மட்டும் பழசு. பழசு என்பதும் மரியாதைக்குச் சொல்வதுதான். மிதித்தால் கால் கீழே போகும், லொறி முன்னே போகும்.

பிறகு எப்படி நிறுத்துவது? கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, எஞ்சினாலேயே இழுத்துப் பிடித்து, கடைசியில் வீதியோர மணலில் இறக்கி நிறுத்துவார்கள். போதாததற்கு ஹோர்ன் இருக்கிறது. அந்தச் சத்தம் கேட்டால் சைக்கிளில் போகிறவர்கள் குதித்து இறங்கி வேலியோடு ஒட்டிக்கொள்வார்கள். மாடுகூட யோசிக்காமல் விலகும். விலகிக் கொடுத்தது ஊர் முழுக்க, பேர் எடுத்தது டிரைவர்மார். எங்கள் ஆளுக்குப் பட்டப்பெயரே 'கியர் ஷிஹாப்'. அப்படி யாராவது கூப்பிட்டால் அவருக்கு முகமெல்லாம் பல்.

பெண் கேட்டு வந்தது அவருடைய மாமி றுஷ்தா. என் உம்மா கமீலா தேங்காய்ப்பாலும் முட்டையும் விட்டு வட்டிலாப்பம் செய்து, அலுமாரியில் இருந்த நல்ல கோப்பைகளை எல்லாம் இறக்கி வைத்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், சந்தோசத்தில்தான். எல்லாம் சரியாகப் போனது. வாப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: பொடியனுக்குத் தொழில் எப்படி?

மாமி முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளை டாக்குத்தர் என்று சொல்லும்போது வருமே ஒரு குரல், அந்தக் குரல் வந்தது.

"எங்கடை பிள்ளை பிரேக் இல்லாத லொறியைப் புத்தளத்திலையிருந்து சாவகச்சேரி வரைக்கும் ஒரு கோழியிலையும் முட்டாமல் கொண்டுவந்தவன். லொறிக்காரர் எல்லாருக்கும் தெரியும்."

எனக்குக் கதவிலேயே தலையை மோதலாம் போலிருந்தது. என் வாப்பா றஹீம் செய்வது பழைய இரும்பு வியாபாரம். லொறிகள் எங்கள் வளவுக்கு வருவது அவற்றின் கதை முடிந்த பிறகுதான். நசுங்கிய முன்பக்கம், வளைந்த ஸ்ரேறிங், உடைந்த கண்ணாடி என்று வீட்டுக்குப் பின்னால் ஒரு மலை கிடக்கிறது. மற்றப் பிள்ளைகள் ஊஞ்சலில் ஆடிய வயதில் நான் அந்தச் சீற்றுகளில் ஏறி இருந்து விளையாடியவள். அதில் ஒன்றிரண்டில் கறை இருக்கும். வாப்பா வந்து என்னைத் தூக்கி இறக்கிவிடுவார்.

வாப்பா கோப்பையைக் கீழே வைத்தார். மாமியை மரியாதையாகப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போய் அந்த மலையைக் காட்டினார்.

"உதுகளை ஓட்டினவங்கள் எல்லாரும் கெட்டிக்காரர்தான்," என்றார்.

பிறகு வாசலுக்கு வந்து, பையிலிருந்து இரும்புக்கு அடையாளம் போடும் வெண்கட்டியை எடுத்து, எங்கள் படலைக்கு முன்னால் ஒழுங்கைக்குக் குறுக்கே ஒரு கோடு கிழித்தார். லோட்டோடு வந்து அந்தக் கோட்டில் லொறி நிற்க வேண்டும். மணலில் இறக்கக் கூடாது, கியர் வித்தையெல்லாம் காட்டக் கூடாது, பிரேக்கில் நிற்க வேண்டும். லொறி நின்றால் நிக்காஹ். நிற்காவிட்டால் மாமி சாப்பிட்ட வட்டிலாப்பத்தோடு சம்பந்தம் முடிந்தது.

அன்று பின்னேரம் ஷிஹாபுக்குப் போன் எடுத்தேன். ஓட்டும்போது என்னோடு கதைக்கக் கூடாது என்பது என் சட்டம். அதனால் எங்கள் காதல் முழுவதும் லோட் இறக்குகிற இடங்களில்தான் நடந்தது. விசயத்தைச் சொன்னதும் மனுசன் சிரித்தார். கியரில் பிடித்தே கோட்டில் நிறுத்திக் காட்டுவாராம், வாப்பாவுக்கு வித்தியாசமே தெரியாதாம். எனக்கு வந்ததே ஆத்திரம். வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, முதலாளியிடம் பிரேக் லைனர் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டீர்களா என்றேன். கேட்டாராம். போன வருசமும் கேட்டாராம். முதலாளி பிரேக் நல்லாத்தான் இருக்கிறது, உனக்குத்தான் கால் சரியில்லை என்று சொல்லியிருக்கிறார். அதற்கு மேலும் ஒரு வார்த்தை சொன்னாராம்: "அந்த லொறிக்கு முன்னாலை நானே கதிரை போட்டு இருப்பன்."

அதைக் கேட்டதும் என் கோபம் போன இடம் தெரியவில்லை. போனை வைத்துவிட்டு அறைக்குள் தனியே நின்று சிரித்தேன். கதிரைதானே? போட்டுவிட்டால் போயிற்று.

எங்கள் ஊரில் பிரதம விருந்தினர் இல்லாமல் ஒரு காரியமும் நடக்காது. பாலர் பள்ளி விளையாட்டுப் போட்டி என்றாலும் சரி, சலூன் திறப்பு என்றாலும் சரி, ஒருவர் வந்து பெரிய கதிரையில் இருக்க வேண்டும். முத்துக்குமாரு முதலாளிக்கு அந்தக் கதிரையென்றால் உயிர். அழைத்தால் என்ன விழா என்று கேட்க மாட்டார். மாலையா பொன்னாடையா என்றுதான் கேட்பார். நானும் உம்மாவும் ஒரு தட்டம் வட்டிலாப்பத்தோடு அவருடைய லொறிப் பேட்டைக்குப் போனோம். எங்கள் ஒழுங்கையில் ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்ன வைபவம், ஐயாதான் தலைமை தாங்க வேண்டும் என்றேன். பொன்னாடையோ என்று கேட்டார். ஓம் ஐயா, சரிகை வைத்தது என்றேன். உம்மா சிரிப்பை அடக்க முடியாமல் இருமிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஒழுங்கை நிறையச் சனம். பந்தல் போட்டு, மைக் பூட்டி, சிவப்பு வெல்வெற் கதிரை ஒன்றை வாடகைக்கு எடுத்து, வெண்கட்டிக் கோட்டுக்கு நேர் பின்னால் வைத்திருந்தோம். முதலாளி வெள்ளை வேட்டியில் வந்து இறங்கினார். வாப்பா பொன்னாடை போர்த்தினார். எல்லோரும் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். முதலாளி கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து, காலுக்கு மேல் கால் போட்டு, அப்போதுதான் முன்னால் பார்த்தார். மேடை இல்லை. வெறும் ஒழுங்கை, சந்தி வரைக்கும் நேராக.

"என்ன பிள்ளை, நிகழ்ச்சி அந்தப் பக்கமோ?" என்று என்னிடம் கேட்டார்.

நான் குனிந்து பணிவாகச் சொன்னேன். "உங்கடை தேங்காய் லொறிதான் ஐயா வருது. இந்தக் கோட்டிலை வந்து நிக்கும். நீங்கள் முன்னாலை கதிரை போட்டு இருப்பீங்களாம் எண்டு அவர் சொன்னவர்."

அந்த நேரம் பார்த்துச் சந்தியில் ஹோர்ன் அடித்தது. முதலாளி ஆசையாகப் பார்த்து வாங்கிப் பூட்டிய அதே ஹோர்ன். போட்ட கால் இறங்கியது. முகத்தில் இருந்த பவுடர் எல்லாம் வியர்வையோடு இறங்கியது. எழும்பப் பார்த்தார், வாப்பா தோளில் கை வைத்து, இருங்கோ முதலாளி, பிரேக் நல்லம்தானே என்று அன்பாகச் சொன்னார். இரண்டாவது முறையும் ஹோர்ன் அடித்தது. முதலாளி தன் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, ஷிஹாபைக் கூப்பிட்டுக் கத்தினார். மைக் பக்கத்தில் இருந்ததால் ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

"டேய், வராதை! அங்கையே நில்லு!"

"எதாலை முதலாளி நிக்கிறது?" என்று ஷிஹாபின் குரலும் மைக்கில் கேட்டது.

முதலாளி பொன்னாடையோடு பாய்ந்த பாய்ச்சலில் எங்கள் மதிலுக்கு மேலால் போய் உம்மாவின் கறிவேப்பிலை மரத்துக்குள் விழுந்தார். சனம் சிரித்த சிரிப்பில் பந்தல் ஆடியது. மதிலுக்கு மேலால் தலையை மட்டும் நீட்டி, லைனர் ஒன்றும் இல்லை, எந்த லொறியிலும் இல்லை, லொறியை மறியுங்கள் என்று கும்பிட்டார். நான் மைக்கைத் தூக்கி அவரிடம் நீட்டினேன். பிரதம விருந்தினர் உரை ஆற்றாமல் போகலாமா? அத்தனை போன்களுக்கும் முன்னால், எல்லா லொறிக்கும் பிரேக் திருத்தும் வரைக்கும் ஒன்றும் வீதியில் இறங்காது என்று சொன்னார். அவர் ஆற்றியதிலேயே குறுகிய உரை அதுதான், நல்ல உரையும் அதுதான்.

லொறி உண்மையிலேயே வந்திருந்தால் என்று கேட்கிறீர்களா? எனக்கென்ன பைத்தியமா? அது சந்தி திரும்புகிற மறைவில், உருளாதபடி எல்லாச் சில்லுக்கும் கல் அண்டை கொடுத்து, எஞ்சினையும் நிறுத்தி, அசையாமல் நின்றது. ஷிஹாபுக்கு நான் கொடுத்த வேலை ஹோர்ன் அடிப்பது மட்டும்தான்.

அதற்கடுத்த கிழமை லொறி, அன்று காலைதான் பேட்டையில் பூட்டிய புதுப் பிரேக்கோடு வந்தது. முதலாளி அழைக்காமலே வந்து மதிலுக்கு உள்ளே நின்றார். சனத்தையும் வாப்பா மதில்களுக்கு உள்ளே ஏற்றிவிட்டார். ஒழுங்கையில் ஒரு கோழிகூட இல்லை. அந்த வெல்வெற் கதிரை மட்டும் கோட்டுக்குப் பின்னால் இருந்தது, அதில் வாப்பா போய் உட்கார்ந்தார். உம்மா அழுது கையைப் பிடித்து இழுத்தார். நானும் இழுத்தேன். எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்றுகூடச் சொன்னேன், உண்மையாகத்தான் சொன்னேன்.

"நான் இருக்கப் பயப்பிடுற இடத்திலை மகளை எப்பிடி இருத்துறது?" என்றார் வாப்பா. நான் உம்மாவையும் இழுத்துக்கொண்டு மதிலுக்கு உள்ளே போனேன்.

லொறி சந்தியில் திரும்பியது. மலை மாதிரித் தேங்காய். அந்தப் பெரிய முன்பக்கம் நேராக வாப்பாவைப் பார்த்து வந்தது. எனக்குத் தெரிந்த ஓதல் எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்து வாயில் வந்தது. ஷிஹாபுக்குப் பழகிய கால்; கோட்டுக்கு எவ்வளவோ முன்னாலேயே, எப்போதும் மிதிக்கிற மாதிரி முழுப் பலத்தோடு மிதித்துவிட்டார்.

லொறி நின்றது. பள்ளிவாசல் தூண் மாதிரி அசையாமல், பத்து வீடு தள்ளி நின்றது. நிற்காதது தேங்காய்தான். அந்த லொறியில் தேங்காய் முன்னால் பாயாமல் முன்பக்கம் கயிறு கட்டும் வழக்கமே இல்லை. சடாரென்று நிற்காத லொறியில் எதற்குக் கட்டுவது? தேங்காய் எல்லாம் கூரைக்கு மேலால் எழும்பிப் பாய்ந்து, ஒழுங்கை முழுக்கத் துள்ளி உருண்டு, கோட்டைத் தாண்டி வாப்பாவின் காலடியில் வந்து முட்டின. வாப்பா இரண்டு காலையும் கதிரையில் தூக்கி வைத்துக்கொண்டார். மதில்களுக்கு மேலால் சனம் குதித்து, கத்தி, சிரித்து, தேங்காய் பொறுக்கியது. முதலாளிகூடத் தன் தேங்காயைத் தானே பொறுக்கிக்கொண்டு ஓடினார்.

ஷிஹாப் மட்டும் இறங்கவில்லை. நான் தேங்காய்களில் தடுக்கித் தடுக்கி ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். ஸ்ரேறிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தார். கால் இன்னும் பிரேக்கில்தான். அந்தக் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. சிரிப்பார் என்று நினைத்து வந்தவள் நான், அவர் அழுதுகொண்டிருந்தார்.

"நிண்டிட்டுது அஸ்மியா," என்றார். "நான் ஒவ்வொரு நாளும் பயந்து பயந்துதான் ஓடினனான். பள்ளிக்கூடம் விடுற நேரத்திலை ஓரிடத்தாலையும் போகமாட்டன். பயம் எண்டு சொல்ல வெக்கமாயிருந்தது."

கியர் ஷிஹாபை எனக்குப் பிடித்திருந்தது உண்மைதான். ஆனால் இந்த மனுசன்மேல் எனக்கு அந்த இடத்தில் வந்த ஆசையை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சனம் நிற்கிறதென்றும் பாராமல் அந்த நடுங்குகிற முழங்காலில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

வாப்பா வெல்வெற் கதிரையைத் தூக்கிக்கொண்டு, காலால் தேங்காய்களை ஒதுக்கி ஒதுக்கி நடந்து வந்தார். ஷிஹாபின் முகத்தைப் பார்த்தார். பையிலிருந்து வெண்கட்டியை எடுத்து, குனிந்து, லொறியின் முன்சில்லு நின்ற இடத்தில் புதிதாக ஒரு கோடு கிழித்தார்.

"கோட்டிலைதான் நிக்குது மகன். இறங்கி இதிலை இரும்," என்று கதிரையைப் போட்டுவிட்டு, வட்டிலாப்பத்தை அங்கேயே கொண்டுவரச் சொல்லி உம்மாவைக் கூப்பிட்டார்.