தேவசிகாமணி சாரின் குழாயடிக் கல்

தேவசிகாமணி சாரின் கல்லறைக் கல்லில் அவர் இறந்த வருடம், ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் தானாக ஒன்று கூடிவிடும். சார் இன்னும் இறக்கவில்லை. பாளையங்கோட்டையில் இதை இப்போது யாரும் பெரிதாகப் பேசுவதும் இல்லை.

2001-ல் அவருக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்தபோது, மிஞ்சிப்போனால் இரண்டு வருடம் என்றார்கள். எதையும் முன்கூட்டியே முடித்துவைக்கிற கணக்கு வாத்தியார் அவர். கல்லறை வேலையைத் தம்பி ஜாபேஸிடம் விட்டால் எழுத்தில் ஏதாவது ஒன்றை மாற்றிவிடுவான் என்று பயந்து, ‘2003-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று பேட்டைக் கல்பட்டறையில் கல்லே வெட்டி வாங்கிவிட்டார். ஆள் இல்லாமல் கல்லை மட்டும் கல்லறைத் தோட்டத்தில் வைக்கச் சபை சம்மதிக்கவில்லை. அது வீட்டுப் புறவாசலில் குழாயடியில் கிடந்தது. சாரோ மாத்திரையைப் போட்டுக்கொண்டு மத்தியானம் மட்டும் நித்திரையடைந்து வந்தார். 2004 பிறந்ததும் கல்லில் மூன்று நான்காயிற்று. கல்லுக்கும் கூச்சம் இருக்காதா என்ன!

மாதாமாதம் மாத்திரை வாங்கப் பெரியாஸ்பத்திரியில் நிற்கிற வரிசையும் நரைத்துப்போனது. முன்பெல்லாம் அங்கே யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. இப்போது மூட்டுவலி, சர்க்கரை, கண் ஆபரேஷன் என்று ஒரே அரட்டை. அந்த அரட்டையில்தான் அறுபத்தெட்டு வயது சாருக்கு அறுபத்திரண்டு வயது சாரம்மாள் என்ற பெண்மணியைப் பிடித்துப்போனது. புருஷனை இதே நோய்க்குப் பறிகொடுத்துவிட்டு, தானும் இதே மாத்திரையில் இருபது வருடம் ஓட்டியவர் அவர்.

போன வருடம் ஆலயத்தில் இவர்களுக்குக் கல்யாண ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு வாசித்து, தடை சொல்பவர் உண்டா என்று கேட்பது வழக்கம். யாரும் சொன்னதில்லை. மூன்றாம் ஞாயிறு, குருவானவர் கேட்டதும் ஜாபேஸ் எழுந்தார். அண்ணன் வீடு தனக்கு வருமென்று வருடக்கணக்காகக் காத்திருந்தவர்.

“ஐயரே, கல்லுல இந்த வருஷம்தான் போட்டிருக்கு. சாவப்போற ஆளுக்கு என்னத்துக்குக் கல்யாணம்?”

குருவானவர் கையிலிருந்த ஓலையைப் புரட்டிப் பார்த்தார். பெண்கள் பக்கத்திலிருந்து சாரம்மாள் எழுந்தார்.

“கொழுந்தனாரே, உங்களுக்குக் கல்லு வெட்டியாச்சா?”

“எனக்கு எதுக்கு?”

“அப்ப உங்க வருஷம் ஆருக்குத் தெரியும்? இவுகளுக்காவது டிசம்பர் முடிய உறுதி.”

ஆலயமே சிரித்தது. ஜாபேஸ் மறுநாளே போய் பிரஷர் பார்த்துக்கொண்டார் என்று கேள்வி.

கல்யாணம் நடந்தது. ஆனால் டிசம்பர் நெருங்க நெருங்கச் சாருக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருடம் சாவுக்குத் தயாராக, நிம்மதியாக இருந்த மனிதர். இப்போதுதான் போக மனமில்லை. ஜனவரி முதல் தேதி காலையில், கல்லில் வருடம் மாறியிருக்காதோ என்று கட்டிலைவிட்டு இறங்கப் பயந்து கிடந்தார். புறவாசலில் தொப்பு தொப்பென்று சத்தம். மெல்லப் போய் எட்டிப் பார்த்தால், சாரம்மாள் அந்தக் கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்.

“மாறிட்டா?” சார் வாசற்படியில் நின்றபடியே கேட்டார்.

“சோப்பு நுரை மூடிக் கெடக்கு, நான் பாக்கலை. சட்டையக் கழத்திப் போடுங்க, வெயில் இருக்கும்போதே காயணும்.”

ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். வழக்கம்போல ஒன்று கூடியிருந்தது. சார் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார்.