வெள்ளித்தாள் போர்வை

விஜயா அப்பாவின் நெஞ்சிலிருந்து கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். சூடாக இருந்தது.

“செத்தவருக்கு இப்படிச் சுடுமா, வீரம்மாக்கா?”

மூக்கில் பஞ்சு வைக்கப்போன பக்கத்து வீட்டு வீரம்மா அப்படியே நின்றாள். விடியலில் செல்லையாவின் மூச்சு நின்றுவிட்டதென்று சொன்னவளே அவள்தான். வெளியே நடுவட்டம் மலையின் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது.

குற்றம் போர்வையுடையது. தேயிலை விலை படுத்து ஃபாக்டரியைப் பூட்டியபோது, பெட்டிகளுக்குள் ஒட்டும் வெள்ளித்தாளில் ஒரு சுருளைச் செல்லையா தூக்கி வந்தார். தாளும் சாக்கும் மாற்றி மாற்றி அடுக்கித் தைத்தார். அதில் சுற்றிவைத்த சோறு மறுநாள் மத்தியானமும் ஆவி விட்டதற்கு லயத்து வரிசை வீடுகள் எல்லாமே சாட்சி. மார்கழியில் உள்ளே நுழைந்த பூனை பங்குனியில்தான் வெளியே வந்தது, வந்தபோது வியர்த்திருந்தது என்பது செல்லையா மட்டும் சொன்னது. நேற்றும் அதைச் சுற்றிக்கொண்டுதான் படுத்தார்.

வாசலில் தங்கையா குரல் கொடுத்தான். “குழி வெட்டியாச்சு. பனியில மண்ணு கல்லாட்டம் இருந்துச்சு. தூக்கலாமா தங்கச்சி?”

“ஒடம்பு சூடா இருக்குண்ணே.”

“போர்வைய உருவு. தெரிஞ்சுரும்.”

“உசுரு இருந்தா? இந்தக் குளிரே கொன்னுருமே!”

எஸ்டேட் டாக்டரும் ஃபாக்டரியோடு போய்விட்டார். டாக்டரைக் கூட்டிவரக் கூடலூருக்கு ஆள் விட்டார்கள்.

வீரம்மா பஞ்சை முந்தானையில் மறைத்தாள். “எந்திரிச்சு, ஏன்டி மூக்க அடைச்சேன்னு கேட்டா நான் என்னா சொல்ல?”

யாரும் சிரிக்கவில்லை. கேட்கக்கூடிய ஆள்தான்.

அப்பா சொன்னது விஜயாவுக்கு நினைவு வந்தது. ‘இது சூடு தராது புள்ள. உள்ளதத் திருப்பிக் குடுக்கும், அம்புட்டுதான்.’

அப்படியானால், உயிர் இருந்தால் சூடு குறையாது. போர்வைக்குள் கையை நுழைத்து, நெஞ்சின் மேல் வைத்தபடி உட்கார்ந்தாள். குறைந்துவிடுமோ என்று பயம். குறையாவிட்டால், இவ்வளவு நேரம் யாரைப் புதைக்கக் கிளம்பினோம் என்று அதைவிடப் பயம்.

புல்லில் பனி உருகிச் சொட்டியது. வெயில் உச்சி தாண்டியது. கூடலூருக்குப் போன ஆள் திரும்பவில்லை.

“எப்படி?” என்றான் தங்கையா.

“கொறையலண்ணே. அப்படியே இருக்கு.”

வாசலில் அழுதுகொண்டிருந்த பெண்கள் சட்டென்று அடங்கினார்கள்.

வீரம்மா கிட்டே வந்து உட்கார்ந்தாள். “கையக் கொஞ்சம் நகத்திப் பாரு தாயி.”

விஜயா உள்ளங்கையைத் தோள் பக்கம் நகர்த்தினாள். சில்லிட்டிருந்தது. வயிற்றுப் பக்கம் நகர்த்தினாள். அங்கும் அப்படித்தான். திரும்பப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள். அங்கே மட்டும், அவள் கையளவுக்கு, சூடு இருந்தது.

வீரம்மா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாசல் பக்கம் தலையசைத்தாள். வெளியே பாடைக்கு மூங்கில்களைத் தூக்கும் சத்தம் கேட்டது.

அவள் கையை எடுக்கவில்லை.